அடுத்த பாகவியல்: நான்கு நூற்பாவும் ஒரு புறனடையும்

பாயிரம்

எழுத்துக்கு இலக்கணம் உண்டு, சொல்லுக்கு உண்டு, பொருளுக்கும் உண்டு. "அடுத்த பாகம் எப்ப சார் வரும்?" என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை இலக்கணம் இல்லை. அக்குறை தீர எழுந்தது இந்நூல். மரபுப்படி பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுவோம். நூற்பெயர், அடுத்த பாகவியல். எல்லை, கிழக்கே சென்னை, மேற்கே அமெரிக்காவின் சாண்டா ஃபே. நுதலிய பொருள், எழுதுபவர் கைக்கும் படிப்பவர் கண்ணுக்கும் இடையே நடக்கும் தீராத வழக்கு. கேட்போர், நான்காம் பாகத்தை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டு, பல் தேய்க்கும் முன்பே ஐந்தாம் பாகத்தை விசாரிப்பவர். பயன், இருப்பதாகத் தெரியவில்லை.

நூற்பா 1

வந்தவை போதா; வருவது வேண்டும்;
வந்தபின் அதுவும் வந்ததே ஆகும்.

இந்நூற்பா என்நுதலிற்றோ எனின், வாசகப் பசியின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. வாசகர் அடுத்த பாகம் கேட்கிறார். அது கைக்கு வந்ததும் 'அடுத்த' என்ற தகுதியை இழந்து சாதாரணப் பாகம் ஆகிவிடுகிறது. ஆகவே அவர் கேட்டதை எந்த எழுத்தாளராலும் கொடுக்க முடியாது. கொடுத்த கணமே அது கேட்டது அன்று.

இதற்கு இலக்கியம் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. பாகம் ஐந்து. எழுதியவரே இதழின் ஆசிரியரும் ஆனதால் தாமதத்துக்கு வழியில்லை. எழுத்தாளர் கல்கி சாக்குச் சொன்னால் ஆசிரியர் கல்கி ஏற்கமாட்டார். இப்படி மூன்றரை ஆண்டு உழைத்து முடித்தால் வாசகர்கள் என்ன சொன்னார்கள்? திடுதிப்பென்று முடித்துவிட்டீர்களே என்றார்கள்! அவர் தனியே ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று. கதையில் வரும் இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற விசாரணை இன்றைக்கும் டீக்கடைகளில் நிலுவையில் இருக்கிறது.

இந்தப் பசியின் தடயம் பழைய வீடுகளின் பரணில் கிடைக்கும். வாராவாரம் இதழிலிருந்து தொடரின் தாள்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்த பைண்டு வால்யூம். ஓவியர் மணியம் வரைந்த படத்துக்கு மறுபுறம் தைல விளம்பரம் இருக்கும். அதற்கடுத்த தாளில் யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பத்தி, தலையில்லாமல் நிற்கும். நடுவில் ஒரு வாரம் கட்டாயம் இருக்காது. அது பக்கத்து வீட்டு மாமி வாங்கிக்கொண்டு போனது. அந்த மாமிமேல் இருக்கும் கோபம் மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் தொடர்கிறது. கதை முடிந்து எழுபது ஆண்டுக்கு மேலாயிற்று என்பது இங்கே நோக்கத்தக்கது.

நூற்பா 2

விரைந்தவன் நீர்த்தான்; தாழ்த்தவன் மறந்தான்;
முடித்தவன் கெடுத்தான் என்மனார் வாசகர்.

இது வேகத்தின் வகையும், வகைதோறும் கிடைக்கும் வசவும் கூறுகின்றது. 'முடித்தவன்' மேலே சொல்லப்பட்டான். மற்ற இருவரையும் காண்போம்.

விரைந்தவனுக்கு எடுத்துக்காட்டு ஆன்டனி டிரலோப். இங்கிலாந்தின் தபால் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். விடிகாலை ஐந்தரைக்கு மேசைக்கு முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். ஒரு நாவல் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் அடுத்த நாவலின் முதல் வரியைத் தொடங்கிவிடுவார். இப்படி 47 நாவல்கள். இந்தக் கணக்கையெல்லாம் சுயசரிதையில் எழுதிவைத்தார். அவர் மறைந்தபின் 1883இல் அது வெளிவந்ததும் விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். புத்தகம் அதே புத்தகம்தான். கடிகாரம் தெரிந்துபோனதுதான் குற்றம்.

தாழ்த்தவனுக்கு எடுத்துக்காட்டு, பாயிரத்தில் சொன்ன சாண்டா ஃபேயில் வாழும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அவருடைய அரியணைக் கதையின் முதல் மூன்று தொகுதிகள் 1996, 1998, 2000 என்று முறையாக வந்தன. நான்காவது 2005இல், ஐந்தாவது 2011இல். ஆறாவதைக் கேட்டு ரசிகர்கள் இன்னும் வாசலில் நிற்கிறார்கள். இடையில் அதைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் நூலை முந்திக்கொண்டு ஓடி 2019இல் முடிந்தது. முடிவு வேண்டும் என்று கேட்டவர்கள் முடிவைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். முடிக்காதவர்மேல் இருந்தது வெறும் எரிச்சல். முடித்தவர்கள்மேல் விழுந்தது மனு. எது லேசு என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்க்கலாம்.

அற்றேல், வாசகரையும் விஞ்சும் வேகத்தில் எழுதினால் என்ன எனின், அதுவும் நடந்திருக்கிறது. ஜெயமோகன் 2014 புத்தாண்டு அன்று 'வெண்முரசு' தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக 2020 வரை எழுதி 26 நாவல்களில் முடித்தார். இங்கே ஓர் அதிசயம் நிகழ்கிறது. கடன்பட்டவர் இடம் மாறிவிடுகிறார். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்த வாசகருக்கு ஏழு அத்தியாயம் பாக்கி. தீபாவளி, பொங்கல், பெண்ணின் பரீட்சை என்று பாக்கி ஏறிக்கொண்டே போகும். "எப்ப வரும்?" என்ற கேள்வி அடங்கி, "எங்கே விட்டேன்?" என்ற கேள்வி எழும். எழுத்தாளரின் முகம் பார்க்காமல் வாசகர் ஒதுங்கிப் போகும் அரிய காட்சி இவ்வகையில் மட்டுமே காணக்கிடைக்கும்.

நூற்பா 3

கொன்றான் மீட்க; கொல்லான் கொல்க;
இரண்டும் வாசகர் ஏவல் என்ப.

இது பாத்திரங்களின் ஆயுள் யார் கையில் என்பது உணர்த்துகின்றது. ஆர்தர் கானன் டாயலுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் அலுத்துப்போனார். சரித்திர நாவல்கள்தான் தம் பெயரை நிறுத்தும் என்பது அவர் எண்ணம். 1891லேயே ஹோம்ஸைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார். வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார். 1893இல் அம்மாவின் பேச்சையும் மீறி, சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் தள்ளிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. 1901இல் ஒரு நாவல் எழுதினார். அது ஹோம்ஸ் சாவதற்கு முன் நடந்த கதை என்று சமாளித்தார். 1903இல் அந்தச் சமாளிப்பும் எடுபடாமல், ஹோம்ஸ் விழவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் 1927 வரை எழுத வேண்டியிருந்தது. அருவியில் நிஜமாக மாட்டிக்கொண்டவர் டாயல்தான்.

டிரலோப்புக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. லண்டன் கிளப் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, அவர் இருப்பது அறியாமல் இரண்டு பாதிரிமார் பேசிக்கொண்டிருந்தார்கள். நாவலுக்கு நாவல் அதே ஆட்களைக் கொண்டுவருகிறாரே இந்த மனிதர், அதிலும் பிஷப்பின் மனைவி மிசஸ் பிரௌடி தாங்கமுடியவில்லை என்றார்கள். டிரலோப் எழுந்து போய்த் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாளைக் கொன்றுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடி செய்தார். பின்னால் அதற்காக வருந்தவும் செய்தார்.

இதனால் பெறப்படுவது: ஆயிரக்கணக்கானோர் கூடிக் கத்தினால் ஒருவர் பிழைப்பார். இருவர் சோபாவில் சாய்ந்து முணுமுணுத்தாலே ஒருவர் சாவார்.

நூற்பா 4

தான்முடி யானேல் பிறன்முடிப் பானே;
தான்முடித் தாலும் பிறன்தொடர் வானே.

முதலடிக்கு உரை: செர்வாண்டிஸ் 1605இல் 'டான் குய்ஹோத்தே' முதல் பாகத்தை வெளியிட்டுவிட்டு, இரண்டாம் பாகத்தை ஆற அமர எழுதிக்கொண்டிருந்தார். 1614இல் அவெயனேதா என்ற புனைபெயரில் எவரோ போலி இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்துவிட்டார். செர்வாண்டிஸ் மளமளவென்று எழுதி 1615இல் அசலை வெளியிட்டார். போலியில் நாயகன் சரகோசாவுக்குப் போனதால், அசலில் சரகோசாவைத் தவிர்த்து பார்சிலோனாவுக்குத் திருப்பிவிட்டார். மூன்றாம் பாகத்தை யாரும் எழுதிவிடக் கூடாதே என்று நாயகனைச் சாகவும் வைத்தார். வாசகர்கள் பத்தாண்டு கேட்டும் வராத வேகம் ஒரு திருடனால் ஒரே ஆண்டில் வந்தது. ஆயினும் இதைப் பரிந்துரையாகக் கொள்ளற்க.

டிக்கன்ஸ் 'எட்வின் டுரூட்' நாவலைப் பன்னிரண்டு பகுதியாகத் திட்டமிட்டு, ஆறு எழுதிய நிலையில் 1870இல் காலமானார். டுரூடைக் கொன்றது யார் என்பது அவரோடு போயிற்று. 1914இல் லண்டனில் இதற்காக ஒரு விளையாட்டு வழக்கே நடந்தது. நீதிபதி செஸ்டர்டன், ஜூரித் தலைவர் பெர்னார்ட் ஷா. ஷா ஏறுமாறாக ஒரு தீர்ப்பைச் சொல்ல, செஸ்டர்டன் தம்மைத் தவிர அங்கிருந்த அனைவரையும் நீதிமன்ற அவமதிப்புக்குத் தண்டித்து வழக்கை முடித்தார். அடுத்த பாகம் பற்றி இதுவரை வந்த தீர்ப்புகளில் நியாயமானது இதுவே என்க.

இரண்டாமடிக்கு உரை: கல்கி 1954 டிசம்பர் 5 அன்று மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அதை மகள் ஆனந்தி முடித்துவைத்தார். அது முதலடியின்பாற்படும். ஆனால் கல்கி தாமே முடித்து, முடிவுரையும் எழுதிய 'பொன்னியின் செல்வ'னைப் பிற்காலத்தில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ந்தார். கல்கியே காலத்தைத் தலைகீழாக்கியவர் என்பதையும் இங்கே கொள்க. 1941இல் தொடங்கிய 'பார்த்திபன் கன'வில் நரசிம்ம பல்லவர் முதிர்ந்தவர். 1944இல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில் அதே நரசிம்மர் இளைஞர். முன்னால் போக வழியில்லை என்றால் பின்னால் போயாவது அடுத்த பாகம் வரும்.

புறனடை

முன்வந்த தெல்லாம் முழுதுணர்ந் தோரே
பின்வரு பாகம் பேசற் குரியர்.

இது கூறியவற்றுக்கெல்லாம் புறனடை. இதுவரை வந்த பாகங்களை ஒரு பக்கமும் தாண்டாமல் படித்தவர்க்கே அடுத்த பாகம் கேட்கும் உரிமை உண்டு என்பது கருத்து. போர்க்களத்து வருணனையைப் புரட்டித் தள்ளியவர், பாதியில் தூங்கியவர், சினிமா பார்த்துவிட்டு வந்தவர், செட்டாக வாங்கி ஷோகேஸில் அடுக்கியவர் ஆகிய நால்வரும் விலக்கப்படுவர்.

இதனை நடைமுறைப்படுத்தலாமோ எனின், ஆகாது. என்னை? விதியைக் கறாராகப் பிடித்தால், புத்தகக் கண்காட்சி அரங்கில் எழுத்தாளர் பேனாவும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருப்பார். அரைமணி கழித்து அவரே வெளியே வந்து, போவோர் வருவோரை நிறுத்தி, "அடுத்த பாகம் எப்பன்னு கேக்க மாட்டீங்களா?" என்று கேட்பார். ஆதலால் இப்புறனடை ஏட்டளவில் நிற்க.