தோளுக்கினியானும் கமான் பட்டையும்: பழைய ஜீப்பைச் சிக்கனமாக உயர்த்துவது குறித்து ஓர் ஆய்வு

உயரத்தை ஆராயப் புகுபவர் திருச்சிக்காரராக இருந்தால் சான்றுக்குப் பஞ்சமில்லை. மலைக்கோட்டை 83 மீட்டர். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987இல்தான் முழு உயரத்தை எட்டியது. இத்தனை பெரிய உயரங்களுக்கு நடுவே, சித்திரை வீதியில் நிற்கும் என் பழைய மகிந்திரா ஜீப்பை இரண்டே இரண்டு அங்குலம் தூக்க வேண்டும் என்பது என் ஆசை. காடு மேடு ஏறுவதற்காக என்று வீட்டில் சொல்லியிருந்தேன். இத்துறையில் டீக்கடைக் கூற்றுகள் ஏராளம்; அவற்றையே மூல நூல்களாகக் கொள்கிறேன்.

முதலில் சொல்விளக்கம். கமான் பட்டை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகளின் கட்டு. நடுவே சென்டர் போல்ட் கோத்திருக்கும்; யு போல்ட்கள் அதை அச்சோடு சேர்த்து இறுக்கும். ஒரு முனை சேஸில் ஆணியடித்ததுபோல் நிற்க, மறுமுனை ஷேக்கிள் என்னும் சிறு ஊஞ்சலில் ஆடும். அலங்காரத்துக்காக ஊஞ்சல் என்று சொல்லவில்லை. பட்டை அமுங்கும்போது நீளும். நீள இடம் வேண்டும். அதற்கே அந்த ஆட்டம்.

அச்சு பட்டைக்கு மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பதில் பட்டறை உலகம் இரு கலையாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய ஜீப்பில் அச்சு மேலே, பட்டை கீழே. பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால், அச்சுக் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து வண்டி ஏறத்தாழ ஐந்து அங்குலம் எழும்பிவிடும். புதுப் பட்டைகூட வாங்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் குரங்கு நியாயம், பூனை நியாயம் என்றல்லாமல் எப்படி விளக்குவது? முன்னதில் அச்சு பட்டையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தாயைப் பற்றிய குரங்குக் குட்டி போல. பின்னதில் தாய் கவ்விய பூனைக்குட்டி போலத் தொங்குகிறது. இதில் எது வடகலை, எது தென்கலை என்று எழுதினால் இரு தரப்பும் என் வாசலுக்கு வந்துவிடும் என்பதால் மேலே செல்கிறேன்.

பூனை வழி மலிவாகத் தோன்றும். தோற்றம்தான். பிரேக் ஹோஸ் எட்டாது. பிராப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி வண்டி உதறும். பட்டை உட்காரும் மேடையை அச்சின்மேல் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். அந்த வெல்டிங்கில் சிக்கனம் பார்த்தவர் ஆய்வைத் தொடர உயிரோடு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே ஏழைகளின் வழியான நீள ஷேக்கிளுக்கு வந்தேன். கனத் தகட்டை வெட்டி, லேத் பட்டறையில் ஓட்டை போட்டு வாங்கினால் போதும். செலவு ஒரு டயர் விலையில் பாதிகூட ஆகாது. ஆனால் பைபாஸ் ஓரத்துப் பட்டறைக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார்:

“சார், ஷேக்கிளை ரெண்டு இஞ்ச் கூட்டுனா வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும்.”

“மிச்சம் ஒரு இஞ்ச்?”

“அது கணக்குல போயிடும் சார்.”

கணக்கு சரிதான். பெஞ்சின் ஒரு முனையை இரண்டு அங்குலம் தூக்கினால், நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு அங்குலமே எழுவார். அச்சு அந்த நடு ஆள். அப்படியானால் நான்கு அங்குலம் கூட்டுங்கள் என்றேன். பக்கவாட்டில் ஆடும், ஸ்டீயரிங்கை விட்டால் நேருக்கு வராது என்று மறுத்துவிட்டார். ஒரு அங்குலத்தோடு ஆய்வு தொடர்ந்தது.

களப்பணி கொள்ளிடக் கரையில். முதல் கண்டுபிடிப்பு வேதனையானது. வண்டியின் உடல்தான் உயர்ந்திருந்தது. பின்னச்சின் நடுவில் பானைபோல் தொங்கும் டிஃப்ரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஷேக்கிளைத் தென்னை மர நீளத்துக்குச் செய்தாலும் அது எழும்பாது, ஏனென்றால் அதைத் தாங்குவது பட்டை இல்லை, சக்கரம். பாதையில் கிடந்த கல் இடித்ததும் அங்கேதான். அதைத் தூக்க ஒரே வழி பெரிய டயர். அங்கும் அதே பாதிக் கணக்கு: விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஒரு அங்குலம்.

இரண்டாவது கண்டுபிடிப்பு மணலில். நான்கு சக்கரமும் இழுத்தும் வண்டி புதைந்தது. பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி அமைதியாகப் போனது. அதற்குக் கமானும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. இருந்ததெல்லாம் பெரிய மரச் சக்கரமும், அதனால் உயர்ந்து நின்ற அச்சும். வண்டிக்காரர் இறங்கி என் டயரை உதைத்துப் பார்த்து, “காத்தக் கொறங்க தம்பி” என்றார். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மணலை மிதிக்கும். குறைத்தேன், வெளியே வந்தேன். செலவு பூஜ்யம், உயர்வும் பூஜ்யம்.

சட்ட இயலையும் தொட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “ஒரு மாற்றத்துக்கு” என்ற சொல்லை ஊன்றிப் படிக்கவும். நான்கு ஷேக்கிள் ஒரு மாற்றமா, நான்கா என்று சட்டம் படித்த நண்பரைக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.

இனி ஒப்பியல். ஸ்ரீரங்கத்தில் மிகச் சிறந்த சஸ்பென்ஷன் எஃகால் ஆனதல்ல. பெருமாள் எழுந்தருளும் ஒரு வாகனத்துக்குத் தோளுக்கினியான் என்றே பெயர். சுமப்பவர்கள் ஸ்ரீபாதந்தாங்கிகள். வைகுண்ட ஏகாதசியில் நம்பெருமாள் சிம்ம கதியில் பாய்ந்து நிற்பதையும், சர்ப்ப கதியில் வளைந்து நெளிவதையும் பார்த்தவருக்குத் தெரியும்: ஒவ்வொரு தோளும் தனித்தனியே ஏறி இறங்கும். இதைத்தான் கார் விளம்பரக்காரர்கள் ‘இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன்’ என்று விற்கிறார்கள்.

இந்த ஒப்பீடு என்னுடையது அல்ல, அத்தையினுடையது. வெள்ளிக்கிழமை தாயார் சன்னிதிக்குப் போக வண்டியருகே வந்தவள், படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏண்டா, இது வண்டியா, வாகனமா? நான் இதுல ஏறணும்னா ஸ்ரீபாதந்தாங்கியைன்னா கூப்பிடணும்!”

ஆக ஒரு முக்காலி வாங்கினேன். உயரம் பத்து அங்குலம். ஒரு அங்குல உயர்வுக்குப் பத்து அங்குல முக்காலி என்பது இந்த ஆய்வின் ஒரே உறுதியான விகிதம்.

மறு வாரமே பழைய ஷேக்கிள்களைத் திரும்ப மாட்டிவிட்டேன். முக்காலி மட்டும் இன்னும் வண்டியில் கிடக்கிறது. அத்தை அதை இறக்க விடவில்லை.