நோட்டில் ஓடும் கார்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் நோட்டு முழுக்க ஸ்போர்ட்ஸ் கார்தான் வரைகிறான். வெளிநாட்டில் மாணவர்கள் வரைந்த காரை கம்பெனியே ஆதரித்துச் செய்ய வைத்ததாம். நம்பலாமா?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: தாராளமாக நம்பலாம், நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருங்கள். 2014 ஜெனீவா கண்காட்சியில் நின்ற ‘பாஸோகோர்த்தோ’, இத்தாலியின் டூரின் நகரில் ஐ.இ.டி. கல்லூரியின் 16 முதுநிலை மாணவர்கள் வடிவமைத்தது. ஆதரித்தது ஹூண்டாய், நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற அதே ஹூண்டாய்தான். இருவர் மட்டும் உட்காரலாம். 840 கிலோ எடை, 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், 270 குதிரைத்திறன் என்பது திட்டம்.

கார் விற்பனைக்கு வரவில்லை. ஆனாலும் இரு தரப்புக்கும் லாபமே. காகிதத்தில் ஜோராக இருக்கும் வளைவு, முழு அளவில் நிற்கும்போதுதான் தன் குறையைக் காட்டும். அந்தப் பாடத்தைச் சொந்தக் காசில் படிக்க எந்த மாணவனால் முடியும்? கம்பெனிக்கோ, நாளை கார் வாங்கப்போகும் வயதினரின் ரசனை இன்றே கைக்கு வருகிறது.

காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், மும்பை ஐ.ஐ.டி.யிலும் வாகன வடிவமைப்பு முதுநிலைப் படிப்பு உண்டு. அதற்கு முன், கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகனை மாட வீதிக்கு அனுப்புங்கள். ஸ்டியரிங்கே இல்லாத பெரிய தேரை, சக்கரத்தடியில் கட்டை கொடுத்தே முனை திருப்புகிறார்கள். அதை அவன் பக்கத்தில் நின்று வரையட்டும். முட்டுக்கட்டை தேருக்குத்தான் தேவை, மகனுக்கு வேண்டாம்!