குண்டு தூரத்தில் ஒரு தலைநகரம்

வரலாற்று வாத்தியார் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். ‘அந்நியர் தலைநகருக்கு ஒருநாள் சுற்றுலா. போர்க்களங்கள் காட்டப்படும். கட்டணம் 15 ரூபாய். கட்டுச்சாதம் அவரவர் பொறுப்பு.’

சிதம்பரத்தில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பு என்றான் ஒருவன். பதினைந்து ரூபாய்க்குக் கப்பலைக் கரையிலிருந்து பார்க்கத்தான் விடுவார்கள் என்றான் இன்னொருவன். பஸ் வடக்கே திரும்பியதும் பாண்டிச்சேரி என்று முடிவாயிற்று. பெரியவர்கள் பாண்டிச்சேரிக்கு எதற்குப் போகிறார்கள் என்று தெரிந்துவைத்திருந்த இரண்டு பேர் மட்டும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

பஸ் கடலூரில் நின்றது.

“இறங்குங்கடா. தலைநகரம் வந்தாச்சு.”

கடலூர் என்பது எங்கள் அப்பாக்கள் கோர்ட் வாய்தாவுக்கு வந்துபோகிற ஊர். ஏமாற்றத்தில் ஒருவரும் இறங்கவில்லை. வாத்தியார் பஸ் படியிலேயே நின்று பாடத்தை ஆரம்பித்துவிட்டார். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மூட்டைமுடிச்சோடு இங்கே தேவனாம்பட்டினத்துக்கு வந்துவிட்டதாம். 1752 வரை தென்னாட்டில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். “ஆறு வருஷம் மெட்ராசுக்கே மெட்ராஸ் இதுதான்டா!”

கெடிலம் கடலில் சேருகிற பக்கமாக நடந்தோம். வேலிக்காத்தான் புதர், செங்கல் சிதிலம், இரண்டு ஆடு. கோட்டை எங்கே சார் என்றோம். “நீ சாஞ்சிக்கிட்டு நிக்கிறியே, அதான்” என்றார்.

இந்த டேவிட் கோட்டையை வாங்கிய கதைக்கே அந்தப் பதினைந்து ரூபாய் தகும். 1690. செஞ்சியில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருக்கிறார். அவுரங்கசீப்பின் படை அவர் கழுத்துக்கு மேலே நிற்கிறது. கைக்குப் பணம் வேண்டும். சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அவருக்குக் கடலோரமாக இன்னொரு கோட்டை வேண்டும். பேரம் படிந்தது. கோட்டை சரி, சுற்றியுள்ள நிலத்துக்கு எல்லை? சர்வேயரும் சங்கிலியும் இல்லாத காலம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் கம்பெனிக்கு என்று எழுதிக்கொண்டார்கள்.

விற்றவர் ஏதோ நாட்டுத் துப்பாக்கியை நினைத்திருப்பார் போல. யேல் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார். கைதேர்ந்த பீரங்கிக்காரனையும் கூடவே அனுப்பினார். மருந்தைக் கெட்டிப்பதில்தானே இருக்கிறது சூட்சுமம்! பல திக்கிலும் திருப்பித் திருப்பிச் சுட்டார்கள். கடலூர்ப் பட்டினமே குண்டுக்குள் வந்துவிட்டது. காலையில் ஏர் பூட்டிக்கொண்டிருந்தவர் தலைக்கு மேல் ஒன்று விர்ரென்று போயிருக்கும். சாயங்காலம் அவர் கம்பெனிக் குடி. பட்டா மாறுதலை இவ்வளவு விரைவாக முடித்துக்கொடுத்த நிர்வாகம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேராயிற்று. குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றும் இருக்கின்றன. மனை விற்கிறவர்கள் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்’ என்று அளக்கிறார்களே, குண்டு தூரத்துக்கு அது எவ்வளவோ நியாயம்.

யேல் பிற்பாடு முறைகேட்டுப் புகாரில் பதவி இழந்தார். அப்புறம் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குக் கொஞ்சம் புத்தகமும் சரக்கும் அனுப்பிவைத்தார். அதுதான் யேல் பல்கலைக்கழகம். ஊரைக் குண்டால் அளந்தவருக்குப் பல்கலைக்கழகம். அளக்கப்பட்ட ஊருக்குக் குண்டு சாலை.

பசி வந்தது. பொட்டலத்தைப் பிரித்தோம். “சாப்பிடுறப்ப கவனமா இருங்கடா, இங்க அதுக்கு முன்னுதாரணம் இருக்கு” என்றார் வாத்தியார். 1746 டிசம்பரில் பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளேயின் பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்கப் பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்டு வந்தது. ஆங்கிலேய கவர்னரின் தோட்ட மாளிகையைச் சிரமமில்லாமல் பிடித்தது. நடந்து வந்த களைப்பு. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பு மூட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயருக்குத் துணையாக ஆற்காட்டு நவாபின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. அடுப்பில் இருந்தது அடுப்பிலேயே இருக்க, பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து ஓடியது. பிரெஞ்சுச் சமையலுக்கு உலகத்தில் இருக்கிற மரியாதை இங்கே மட்டும் கொஞ்சம் தீய்ந்துபோனது.

சென்னையிலிருந்து தப்பி வந்தவர்களில் இருபத்தொரு வயது குமாஸ்தா ஒருவன் இருந்தான். உள்ளூர்க்காரன் வேடம் போட்டுக்கொண்டு வந்துசேர்ந்தான். பேர் ராபர்ட் கிளைவ். கணக்கெழுத வந்தவன் துப்பாக்கி தூக்கியது இங்கேதான்; பத்து வருடத்தில் இதே கோட்டைக்குக் கவர்னர். அவனை அன்றைக்கு வழியில் யாராவது நிறுத்தித் தமிழில் நாலு வார்த்தை கேட்டிருந்தால் எங்கள் பாடப்புத்தகம் பாதியாகியிருக்கும்.

கோட்டை புதரானதற்குக் காரணம் பிரெஞ்சுத் தளபதி லாலி. 1758 ஜூனில் பிடித்தார், இடித்துத் தள்ளினார். பிரான்சில் அவருக்குக் கிடைத்த பரிசு, தோற்றதற்காக 1766-இல் பாரிசில் தலை வெட்டு. அவர் ஜெயித்த இடம் இது என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு கல் மிச்சமில்லாமல் அவரே இடித்துவிட்டுப் போயிருந்தார்.

கடற்கரைக்குப் போனோம். வாத்தியார் அலையைக் காட்டினார். “அங்கதான் கடல் சண்டை.” எட்டிப் பார்த்தோம். தண்ணீர்தான் தெரிந்தது. 1783 ஜூன் 20. சுஃப்ரேன் பிரெஞ்சுப் பக்கம், ஹியூஸ் ஆங்கிலேயர் பக்கம்; கப்பல்கள் வரிசைகட்டிச் சுட்டுக்கொண்டன. கரையில் ஒரு வாரமாகவே ரத்தக்களரி. இதில் விசேஷம், இரண்டு நாட்டுக்கும் ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1783 ஜனவரி 20. கரெக்டாக ஐந்து மாதம் முன்பு! தகவல் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அது ஜூன் கடைசியில் வந்து சேர்ந்ததும், ஓகோ அப்படியா என்று நிறுத்திக்கொண்டார்கள். முடிந்துபோன சண்டையில் செத்தவர்களுக்கு யார் கடிதம் போட்டார்களோ!

“தந்தி இல்லையா சார்?”

“அதுக்கு இன்னும் அறுபது எழுபது வருஷம் உயிரோட இருக்கணும்.”

இருட்டுகிற நேரத்துக்குச் சிதம்பரம் திரும்பினோம். பஸ் கீழ வீதியில் நின்றது. வாத்தியார் இறங்கி, கோயில் மதிலை ஒரு தட்டு தட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குள் குடியிருந்தார்கள். 1760-இல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். பிறகு ஹைதர் அலி அரணைப் பலப்படுத்திப் படை வைத்தார். 1781 ஜூனில் அயர் கூட் என்கிற பெரிய தளபதி இதே மதிலில் மோதி, அடிவாங்கிக்கொண்டு பரங்கிப்பேட்டைப் பக்கம் போனார். அங்கே ஜூலை 1 அன்று ஹைதரையே ஜெயித்தார் என்பது வேறு கதை. நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிற இடத்தில் சிப்பாய்கள் துப்பாக்கிக்கு மருந்து இடித்திருக்கிறார்கள்.

நாங்கள் தினமும் அந்த மதிலில்தான் சைக்கிளைச் சாய்த்து வைப்போம். ஒரு கல்லும் குறையாமல் நின்றுகொண்டிருந்தது. கடைசி பெஞ்சுக்காரன் கையைத் தூக்கினான்.

“போர்க்களம் இங்கயே இருக்குன்னா, பதினஞ்சு ரூபா எதுக்கு சார்?”

வாத்தியார் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார்.

“பஸ்ஸுக்கு.”