தாகத்துக்கு ரசீது கேட்கலாமா?

கே: வீட்டில் குழாய் இருக்கிறது, குடிநீர் வரியும் கட்டுகிறோம். குடிப்பதென்னவோ கேன் தண்ணீர். தண்ணீர் உரிமையா, சரக்கா?
- வாசகி, ஆவடி

ப: உரிமைதான். உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் மாசில்லாத தண்ணீரும் காற்றும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. கேனைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வரும் தம்பிமேல் எனக்கு வருத்தமில்லை. அவர் உழைப்புக்குக் கூலி வேண்டும். வருத்தமெல்லாம் குழாய்மேல். ஒரே தாகத்துக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள்.

கே: உரிமை என்றால் கட்டணமே கூடாதா? மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது?
- வாசகர், ஈரோடு

ப: கட்டணம் வாங்கலாம். எந்த அளவுக்குமேல் வாங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போதிய தண்ணீர் பெறுவது உரிமை என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பே சொல்கிறது. அங்கே 2001-இல், வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அதற்குமேல் காசு என்று வைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர் என்று கணக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில், ஃபிரி என்ற பகுதியில், முன்பணம் கட்டினால் ஓடும் மீட்டரைப் பொருத்தினார்கள். இலவச அளவு தீர்ந்து, கையில் காசும் இல்லையென்றால் குழாய் நின்றுவிடும். ஒரே மனையில் பல குடும்பங்கள் ஒண்டிக்கொண்டிருக்கும் இடத்தில் எட்டுப் பேர் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். நகராட்சி செய்தது நியாயம்தான் என்று 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் நெஞ்சில் முள். தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் எவ்வளவு கட்டணம் வேண்டுமானாலும் வாங்குங்கள். பாக்கிக்காகக் குடிக்கிற தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

கே: விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், 'முதலில் முன்பணம் கட்டுங்க' என்கிறார்கள். தனியார் மருத்துவமனைதானே, கேட்கலாம்தானே?
- வாசகர், விழுப்புரம்

ப: கூடாது. கார் மோதி விழுந்த ஒரு ஸ்கூட்டர்க்காரரை, 'இது போலீஸ் கேஸ்' என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தச் சம்பவத்தை வைத்துப் பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசு மருத்துவரானாலும் தனியாரானாலும் முதல் வேலை உயிரைக் காப்பாற்றுவது. போலீஸ், காகிதம் எல்லாம் பிறகு. தனி அறை, ஏசி, டிவிக்குப் பில் போடட்டும், அது சேவை. ரத்தம் நிற்கும்வரை பில் புத்தகம் மூடியிருக்கட்டும்.

கே: அரசு மருத்துவமனையில் 'படுக்கை இல்லை' என்றால்?
- அதே வாசகர்

ப: அதுவும் சாக்கு ஆகாது. மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிதி இல்லை என்ற பதிலையும் ஏற்கவில்லை.

கே: பள்ளிச் சத்துணவு சலுகைதானே?
- வாசகி, கரூர்

ப: 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது பிள்ளைகளின் உரிமை. தட்டில் போடும்போது 'இலவசச் சாப்பாடு' என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா, பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

கே: கோடையில் எங்கள் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். அது போதாதா?
- வாசகர், திருவையாறு

ப: உங்களுக்குப் பக்கத்துத் திங்களூர்க்காரர்தான் அப்பூதியடிகள். முகம் பார்த்தறியாத நாவுக்கரசர் பேரில் பந்தல் வைத்தவர். அந்த ஈரம் உங்களிடமும் இருக்கிறது, கட்டாயம் வையுங்கள். ஆனால் பந்தலைப் பிரித்த மறுநாளும் அந்த வழியே ஆள் நடக்கும். உங்கள் உள்ளாட்சி மன்றத்திடம், பந்தல் இருந்த இடத்திலேயே ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.