செய்கூலி, சேதாரம்

எழுபதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வேலைக்குப் போனபோது, பழைய வெள்ளிச் சாமான் விற்கும் கடைகளில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருந்தது: ‘எடை எவ்வளவு?’ எந்த மன்னர் காலம், எந்த ஊர், யார் பட்டறை, எந்தப் பிரபு வீட்டு ஏலத்தில் வந்தது என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அரை மணி நேரம் பதில் சொல்வார்கள். எடையைக் கேட்டால் மட்டும், மூன்றாம் ஜார்ஜ் காலத்துத் தேநீர்க் கூஜாவைக் கத்தரிக்காய் ஆக்கிவிட்ட பாவி என்று ஒரு பார்வை விழும். பதிலும் வரும். அதற்குப் பிறகு உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

கும்பகோணத்துக்காரனுக்கு இது பழக நாளாயிற்று. எங்கள் வீட்டில் வெள்ளி என்றாலே தராசுதான். அக்கா கல்யாணத்தின்போது பாட்டியின் பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கும்பாவையும் கடையில் போட்டுவிட்டு, மேற்கொண்டு பணம் கட்டிப் புது மோஸ்தரில் தாம்பாளம் எடுத்தார்கள். பாட்டிக்கு அவளுடைய அம்மா கொடுத்த சீர் அது. பாட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சேதாரம் அநியாயமாகக் கழித்துவிட்டான் என்பது மட்டும் சாகும்வரை அவளுக்குக் குறையாக இருந்தது.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவனுக்கு ஹோபர்ன் பக்கம் கணக்கு எழுதும் உத்தியோகம் கிடைத்தது. எட்டி நடந்தால் சான்சரி லேனின் வெள்ளி நிலவறை. விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் வீட்டு வெள்ளியையும் பத்திரங்களையும் பூட்டிவைக்கக் கட்டியது. பிறகு வியாபாரிகள் ஒவ்வொருவராக அறை பிடித்துக் கடையாக்கிக்கொண்டார்கள். படியிறங்கினால் வங்கிப் பெட்டகக் கதவுகள், கதவுக்குப் பின்னால் கடை, கடை முழுக்க வெள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வேடிக்கை பார்க்கப் போக ஆரம்பித்தேன். வேடிக்கை பார்க்கக் காசு கேட்பதில்லை என்பதுதான் அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்த விஷயம்.

வெள்ளி என்னைப் பிடித்தது ஒரு தேக்கரண்டியில். தண்டின் பின்பக்கம், நகத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில், ஐந்து முத்திரைகள். நடக்கிற சிங்கம் என்றால் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி. அந்தச் சிங்கம் 1544-லிருந்து நடக்கிறது. கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை என்றால் லண்டன்; அந்தக் கிரீடத்தை 1821-ல் கழற்றிவிட்டார்கள். பக்கவாட்டில் தெரியும் ராஜா தலை அழகுக்கு வைத்ததில்லை, வரி கட்டியாயிற்று என்பதற்கு ரசீது. 1784-ல் ஆரம்பித்து 1890 வரை இருந்தது. நான்காவது பட்டறைக்காரரின் எழுத்து. ஐந்தாவது ஆண்டுக்கான எழுத்து. என் கரண்டியில் பெரிய ‘யு’. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பிராட்பரியின் முத்திரைப் புத்தகத்தைப் புரட்டினால் ‘யு’ என்பது 1815. வாட்டர்லூ சண்டை நடந்த வருஷம். நெப்போலியன் தோற்ற செய்தி வந்தபோது யாரோ இதில்தான் சர்க்கரை கலக்கியிருப்பார்கள் என்று தோன்றிய பிறகு எடையாவது ஒன்றாவது!

பழைய சாமான்களில் பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். கடலே எட்டாத பர்மிங்காமுக்கு நங்கூரம் எப்படி வந்தது? இரண்டு ஊர்க்காரர்களும் 1773-ல் சொந்த முத்திரைச் சாலை கேட்டு லண்டனுக்கு வந்து, ‘கிரவுன் அண்ட் ஆங்கர்’ என்ற மதுக்கடையில் கூடிப் பேசினார்களாம். அந்தப் பெயரையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம். உண்மையோ இல்லையோ, வியாபாரிகள் எல்லோரும் சொல்லும் கதை.

எனக்கு ருசி விழுந்தது பேர் வெட்டிய சாமான்களில். பதினெட்டாம் நூற்றாண்டுக் கரண்டிகளில் மூன்று எழுத்து முக்கோணமாக இருக்கும்: மேலே குடும்பப் பேர், கீழே புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம். கல்யாணச் சாமான். நம் ஊர்ப் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வர் அடுக்கில் பேர் வெட்டுகிறவர் செய்வதும் இதையேதான். ஆனால் அன்றைய லண்டனில் பேர் வெட்டிய சாமான் மட்டம். அடுத்தவன் எழுத்து தன் மேசையில் எதற்கு என்று வாங்குகிறவர்கள் நினைத்ததால், வியாபாரிகள் அதைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். நிலவறையில் ஒரு கிழவர் கற்றுக்கொடுத்தார்: சாமானை வாய்க்கு அருகில் கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊத வேண்டும். மூச்சின் ஈரம் படிகிற கணத்தில், அழித்த குலச்சின்னத்தின் நிழல், ஒட்டுப் போட்ட கோடு எல்லாம் தெரிந்து மறையும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெலிந்து வளையும். அழிக்காமல் தப்பியவை மலிவாகக் கிடைத்தன. இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாய்ச் சீர் வாங்கிய குடும்பங்களின் முதலெழுத்துகள், சல்லிசான விலையில், கும்பகோணத்து வாரிசுக்கு வந்து சேர்ந்தன.

அந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. அமைச்சராக இருந்த மைக்கேல் ஹெசல்டைனைச் சொந்தக் கட்சிக்காரரே, தன் வீட்டு மேசை நாற்காலியைக் காசு கொடுத்து வாங்கியவர் என்று இளக்காரம் செய்தது ஆலன் கிளார்க்கின் நாட்குறிப்பில் 1993-ல் அச்சேறியது. பரம்பரை என்றால் சாமான் தானாக வர வேண்டும். நானோ தாத்தா பாட்டியையே ரசீதோடு வாங்கிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அம்மா வந்தாள். ஹெஸ்டர் பேட்மேன் பட்டறையில் செய்த சர்க்கரை இடுக்கியைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். கணவர் போன பிறகு பட்டறையை ஏற்று, 1761-ல் தன் பேரில் முத்திரை பதிவு செய்து, 1790 வரை நடத்திய அம்மாள். அமெரிக்கர்கள் அவள் பேரைக் கேட்டாலே பணப்பையைத் திறந்தார்கள் என்றெல்லாம் சொன்னேன். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள்.

“மூணு தோலாகூட வராது போலிருக்கே. இதுக்கா இவ்வளவு குடுத்தே?”

“எடைக்கு இல்லம்மா. வேலைப்பாட்டுக்கு.”

“ஏம்ப்பா, எரநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவளுக்கு நீ எதுக்கு இப்ப செய்கூலி குடுக்கறே?”

பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மாவின் கட்சி எவ்வளவு பலமானது என்பதை நான் அதற்கு முன்பே ஒரு முறை கண்ணால் பார்த்துமிருந்தேன். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் ஆறு டாலர் சொச்சம் விற்ற வெள்ளி, டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் 1980 ஜனவரியில் ஐம்பதை நெருங்கியது. ஹாட்டன் கார்டனில் ஜனங்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். முத்திரையை யாரும் படிக்கவில்லை. சிங்கம் இருக்கிறதா, சரி, தட்டில் போடு. மார்ச் 27-ல் விலை மளமளவென்று சரிந்தது. உருக்கியது உருக்கியதுதான். அந்தச் சில வாரங்களில் நிலவறைக் கிழவர் பேசிய கெட்ட வார்த்தைகளில் பாதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்கப்புறம் என் புத்தி சின்னச் சாமான்கள் பக்கம் திரும்பியது. நினைவுக்கென்று செய்த சாமான்கள்: காதலன் பேர் வெட்டிய ப்ரோச், ஞானஸ்நானக் கரண்டி, தபால்தலை அளவு படச்சிமிழ். விக்டோரியா ராணி 1861-ல் ஆல்பர்ட்டை இழந்து நாற்பது வருஷம் துக்கம் காத்ததில், இழவு நகை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. விட்பியில் கிடைக்கும் கறுப்பு ஜெட் கல்லில் மாலை செய்தார்கள். செத்தவர் தலைமுடியைப் பின்னிக் கண்ணாடிக்குள் வைத்து மார்பில் குத்திக்கொண்டார்கள். அப்படி ஒன்றை வாங்கி வந்து விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னிறத்தில் கோதுமைக் கதிராகப் பின்னிய முடி. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இது நூல்தானே?”

“முடி.”

அன்றைக்கு அவள் சொன்னதை எழுத முடியாது. அந்தச் சிமிழ் அலுவலக மேசை இழுப்பறையிலேயே நான் ஓய்வு பெறும்வரை குடியிருந்தது.

‘மிஸ்பா’ ப்ரோச்சுக்கு அவள் தடை சொல்லவில்லை. அது பிரிந்திருக்கும் காதலர்களுக்கானது என்று சொல்லிவைத்திருந்தேன். 1880-களில் இங்கிலாந்துப் பெண்கள் விரும்பி அணிந்தது. நாம் பிரிந்திருக்கையில் ஆண்டவர் நம்மிருவரையும் பார்த்துக்கொள்வார் என்ற பொருளில் வேதாகமத்திலிருந்து எடுத்த சொல். பிறகுதான் ஆதியாகமத்தைப் புரட்டினேன். அங்கே அதைச் சொல்கிறவன் காதலன் இல்லை, மாமனார் லாபான். சொல்லாமல் கொள்ளாமல் மகள்களோடு கிளம்பிப்போன மருமகன் யாக்கோபை விரட்டிப் பிடித்து, என் பெண்களைக் கொடுமை செய்தால் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மிரட்டுகிற இடம். இரண்டு இதயமும் ஐவி இலையும் சுற்றி வரைந்து அதைத்தான் காதலிக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் மாமனாருக்கு இந்த விஷயம் தெரியாமலே போயிற்று.

ஹோபர்னிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஃபவுண்ட்லிங் அருங்காட்சியகம். தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் நடையாய் நடந்து அனுமதி வாங்கித் திறந்த அநாதைக் குழந்தைகள் இல்லம் 1741-ல் குழந்தைகளை ஏற்க ஆரம்பித்தது. விட்டுப்போகிற தாய்கள், என்றைக்காவது திரும்பி வந்தால் தங்கள் பிள்ளையை அடையாளம் காட்ட ஒரு பொருளையும் விட்டுப்போனார்கள். தேய்த்துப் பேர் வெட்டிய நாணயம், மோதிரம், ஒரு ஹேசல்கொட்டை ஓடு. பெரும்பாலான பிள்ளைகளைத் தேடி யாரும் வரவில்லை. இதில் கொடுமை, 1860-களில் நிர்வாகத்தார் இவற்றைக் காட்சிக்கு வைக்கலாமே என்று ஆவணங்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எந்தப் பொருள் எந்தக் குழந்தையுடையது என்ற தொடர்பு அறுந்துபோயிற்று. சேர்த்து வைக்கிறவனின் ஆசை எதையெல்லாம் செய்யும் என்பதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் நான் காட்டுவேன். என் வீட்டு அலமாரியையும் காட்டலாம்.

இப்போது கதையே வேறு. கடைக்காரர் முதலில் எடுப்பது தராசை. பக்கத்தில் ஃபோன், ஃபோனில் அன்றைய விலை. விக்டோரியா காலத்துத் தேநீர் செட்டைக் கொண்டுபோனால் மூடியின் மரக்குமிழுக்குக் கழிவு. கத்திகளை ஒதுக்கிவிடுகிறார்கள், பிடிக்குள் வெள்ளி தகடுதான், உள்ளே அடைத்திருப்பது பிசின். அரக்குக்குக் கழிவு போடுகிற நம் ஊர் நகைக்கடைக்காரரை நேரே சான்சரி லேனில் உட்கார வைத்தால், ஒரு நாள் பயிற்சிகூட வேண்டாம். கல்யாணப் பரிசாக வெள்ளிக் கரண்டிப் பெட்டி கொடுத்த காலம் போய்விட்டது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட முடியாததும், வாராவாரம் துடைக்க வேண்டியதும், பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை இல்லாததும் சேர்ந்துகொள்ள, பாட்டி வைத்துவிட்டுப் போன வெள்ளியைப் பேரப்பிள்ளைகள் கைகூசாமல் கொண்டுவந்து போடுகிறார்கள். எங்கள் பாட்டியைப் போலவே, கழிவு பற்றித்தான் அவர்களுக்கும் சண்டை.

2025 அக்டோபரில் வெள்ளி அந்தப் பழைய ஐம்பது டாலரைத் தாண்டியது. லண்டன் சந்தையில் கட்டி வெள்ளிக்கே தட்டுப்பாடு. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, தீபாவளிக்கு இந்தியா வாங்கிய வெள்ளி. எந்தப் பிரபு வீட்டுச் சூப் கிண்ணம் உருகி எந்தக் கடைத்தெருவில் காமாட்சி விளக்காக நிற்கிறதோ, யார் கண்டது?

எடைக்குப் போகாமல் தப்பிக்கிற தேநீர்க் கூஜா ஒன்று உண்டு. மதராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் துரைமார்களுக்காகச் செய்து விற்றது. சுற்றிலும் சாமி உருவங்கள் புடைப்பாக நிற்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘சுவாமி’ வேலைப்பாடு என்றே பேர் வைத்தார்கள். போர்ட்டபெல்லோ சாலையில் அப்படி ஒன்றின் விலையைக் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு கடைக்காரர் என்னிடம் எடையைப் பற்றி வாயே திறக்காமல் விலை சொன்னார். சாமி விஷயத்தில் பேரம் பேசக் கூடாது என்று வந்துவிட்டேன்.

சின்னச் சாமான்களும் தப்பிக்கின்றன. மெல்லிய தகட்டில் அச்சடித்த மிஸ்பா ப்ரோச் நாலைந்து கிராம் இருந்தால் அதிகம். 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கு முத்திரையே கட்டாயமில்லை. அரசாங்கமே கணக்கில் எடுக்காததை உருக்குகிறவர் ஏன் எடுக்கப்போகிறார்? கனமான கூஜாக்களெல்லாம் கொப்பரைக்குப் போன பிறகு, காற்றில் பறக்கிற காதல்தான் என் அலமாரியில் மிச்சம். பேர் வெட்டிய கரண்டிகளைக்கூட இப்போது இளம்வயதுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள், முதலெழுத்து பொருந்தினால் போதும் என்று. அழித்துச் சம்பாதித்த வியாபாரிகள் இதைப் பார்க்க இல்லை.

போன கோடையில் மகள் ரெடிங்கிலிருந்து வந்தபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளம்மா என்று அலமாரியைத் திறந்துவிட்டேன். 1815 கரண்டியைக் காட்டினேன், ஹெஸ்டர் பேட்மேனைக் காட்டினேன். அவள் பின்னால் கிடந்த டோஸ்ட் ரேக்கை எடுத்தாள். ரொட்டித் துண்டுகளை நிற்கவைத்து ஆற வைப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த கம்பிச் சட்டம். பழைய சாமான் கடையில் வேறு எதையோ வாங்கியபோது சும்மா கொடுத்தது.

“அது வெள்ளி இல்லம்மா, வெறும் முலாம். எல்கிங்டன் 1840-ல் காப்புரிமை வாங்கினாரே, அந்த மின்முலாம். அடியில இருக்கற எழுத்தெல்லாம் முத்திரை மாதிரி தெரியும், ஆனா...”

“தெரியும்ப்பா. ஃபோன், டேப்லட் எல்லாத்தையும் இதுல நிக்கவச்சு சார்ஜ் போடலாம். எங்க தெருவுல ரெண்டு வீட்ல நகைத் திருட்டு. இதைத் திருடன்கூடத் தொடமாட்டான்.”