முத்தெடுத்தவரும் படமெடுத்தவரும்

படக்கலைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் 1839இல், பாரிசில், படமுறை கண்ட தாகேரோடுதான் தொடங்கும். மடுக் கோயில் வளவில் மரநிழலில் பிள்ளைகளை இருத்திச் செய்திப் படப்பிடிப்புச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அந்தப் பக்கத்தைத் தாண்டி நேரே அரிப்புக் கடற்கரைக்குப் போய்விடுவேன். கமரா பிறக்க முப்பத்தைந்து வருடம் முந்தியே அங்கே வியூஃபைண்டர் கட்டியாகிவிட்டது. கட்டியவர் ஆளுநர் பிரெடரிக் நோர்த். துரைக்கு முத்துக்குளிப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் காலில் மணல் ஒட்டக்கூடாது, மூக்கில் சிப்பி நாற்றம் ஏறக்கூடாது. ஆகவே 1804 அளவில் கடலைப் பார்த்தபடி தூண் வைத்த மாளிகை ஒன்று எழும்பியது. ஊர்ச்சனமோ அதைப் பழங்கதை அல்லிராணியின் பேரில் எழுதிவிட்டது. மிச்சத்தைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது.

பாரிசும் சும்மா இருக்கவில்லை. 1863இல் பிஸே அங்கே ‘முத்துக்குளிப்போர்’ என்ற ஓபராவை மேடையேற்றினார். கதை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்ததாம். பிறகு யாருக்கோ மனம் மாறி இலங்கைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் சுழியோடிகள் அங்கே காதலுக்காக உருகி உருகிப் பாடுகிறார்கள். மூச்சை அடக்கிப் பிழைக்கிறவனுக்குப் பாட ஏது மூச்சு என்று பார்க்க வந்த ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு உண்மையான கமராவே கப்பலேறி வந்தது. 1875இல் ஜூலியா மார்கரெட் கமரூன், கோப்பித் தோட்டம் வைத்திருந்த புருசனோடு இலங்கையில் குடியேறினார். இங்கிலாந்தில் பெரும் புலவர்களையே ஆடாமல் அசையாமல் இருத்திப் படமெடுத்த அம்மா அவர். 1877இல் அவரது களுத்துறை வீட்டுக்கு ஓவியர் மரியான் நோர்த் விருந்தாளியாக வந்து சேர்ந்தார். கமரூன் அம்மா விடுவாரா? விருந்தாளிக்குக் கம்பளிச் சால்வை போர்த்தி, தலைமாட்டில் தென்னோலை செருகி, இயல்பாக இருக்கும்படி உத்தரவிட்டார். வெப்பமானி அப்போது 96 பாகை பரனைட் காட்டியது என்று விருந்தாளி பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். “இயல்பா நில்லுங்கோ” என்று கத்துகிற கலியாணவீட்டுப் படக்காரர் அத்தனை பேருக்கும் குலதெய்வம் இந்த அம்மாதான்.

இந்த அம்மாவின் பேத்தி முறையான எழுத்தாளர் வெர்ஜீனியாவைப் பின்னாளில் கட்டிய லெனாட் வூல்ஃப், அரச அதிகாரியாக 1906இல் எங்கள் மரிச்சுக்கட்டி மணலில் முத்துக்குளிப்பை மேய்த்துக்கொண்டு நின்றார். வயது 25. இலங்கைப் படக்கலையின் வரலாறு பாதிக்கு மேல் ஒரு குடும்பத்து உள்விவகாரம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அதற்கு முந்தின வருடம், 1905, எல்லாக் குளிப்புகளுக்கும் பெரியண்ணன். முந்நூறுக்கு மேல் படகு, ஐயாயிரத்தை நெருங்கும் சுழியோடிகள், எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி, அரசுக்கு 25 லட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். வெறும் மணலில் கிடுகால் ஒரு நகரமே முளைக்கும்: நீதிமன்றம், ஆஸ்பத்திரி, மறியல், சந்தை. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் தெரிந்த கடல்கட்டிக்கும் தனி இடம் உண்டு. பிரித்தானிய முடியின் கணக்குப்புத்தகத்தில் மந்திரத்துக்கும் ஒரு செலவுப் பத்தி இருந்தது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

இவ்வளவு கிடைத்தும் படக்காரர் பாடு திண்டாட்டம்தான். சுழியோடி கல்லில் கால் வைத்து நேரே இறங்குவான். கண்ணாடித் தகட்டில் கடைசியாக விழுவது அவனுடைய உச்சந்தலை. மிச்ச ஒரு நிமிடமும் தண்ணீருக்கடியில். அவன் ஏறியதும் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, புழு தின்றதும் கழுவி முத்துப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் எந்தத் தகட்டிலும் விழாது. அதனால்தான் பழைய படங்களில் மரிச்சுக்கட்டி அவ்வளவு அழகு. படத்தின் கீழ் ‘சுழியோடி’ என்றிருக்கும். பேர் இராது. படகுக்கு இலக்கம் உண்டு, சிப்பிக்குக் கணக்கு உண்டு, ஏலத்துக்குப் பதிவு உண்டு. ஆளுக்கு மட்டும் பேர் வைக்க மறந்துபோனார்கள்.

1906இல் லண்டன் கம்பனி ஒன்று வருடத்துக்கு 3,10,000 ரூபா என்று இருபது வருடக் குத்தகை எழுதியது. சிப்பிகள் குத்தகைப் பத்திரம் வாசிக்கவில்லை. 1907க்குப் பிறகு பல வருடம் முத்துப் பாரில் குளிப்பே இல்லை. 1912இல் அமெரிக்க மீன்வள அதிகாரி ஹியூ ஸ்மித், நேஷனல் ஜியோகிராபிக்கில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றிப் படங்களோடு கட்டுரை எழுதி உலகத்தையே வாய்பிளக்க வைத்தார். உலகம் வாய்பிளந்த நேரம் இங்கே குளித்தது நண்டுகள் மட்டும்.

எங்கள் வகுப்பு நடக்கும் மடுக் கோயில் மாதாவின் கதை வேறு. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தைச் சனம் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தபோது படமெடுக்க ஒருவரும் இல்லை. 2008 ஏப்ரலில் போர் நெருங்க, அதே மாதா மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனார். இந்த முறை உலகம் முழுக்கக் கமரா இருந்தது. வன்னிக்குள் சுயாதீனச் செய்தியாளருக்குத்தான் வழி இருக்கவில்லை. 1999 நவம்பரில் இதே வளவில் தஞ்சமிருந்தவர்கள்மேல் செல் விழுந்து நாற்பது பேரளவில் இறந்ததைப் பற்றி நான் பகிடி விடுவதில்லை. வகுப்பில் அந்த இடத்தைக் காட்டி, கமராவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு நடப்பேன்.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஹெலியில் இங்கே வந்து இறங்கினார். கமராக்கள் அத்தனையும் மேடையைப் பார்த்தன. அதனால் ஆவணித் திருவிழாவில் என் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சிதான்: மேடைக்கு முதுகைக் காட்டு, அடுப்பு மூட்டுகிறவரை எடு, பேர், ஊர், வந்த வழி எல்லாம் கேட்டு எழுது. போன திருவிழாவில் ஒரு பிள்ளை, கூடாரத்தடியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் பேர் கேட்டது. ஆச்சி அகப்பையை நீட்டினார்.

“என்ர பேர் இருக்கட்டும் பிள்ளை. முதல் உன்ர பேரைச் சொல்லு, ஆற்ற பிள்ளையெண்டு சொல்லு. பிறகு அந்தப் படத்தை என்ர பேரன்ர வட்ஸ்அப்புக்குப் போட்டிட்டுப் போ. கண் மூடியிருந்தா திருப்பி எடுக்கோணும்.”