அத்தை துப்பறிந்த கிருமி

வெடிகுண்டுத் தொடர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எப்படிச் சுற்றினாலும் கடைசியில் சிவப்பு ஒயரா, நீல ஒயரா என்று வந்து நிற்கும். பூவா தலையா போட்டு முடிக்க வேண்டியதற்கு ராத்திரி முழுக்க விழித்திருப்பானேன்? கிருமித் தொடர் அப்படியல்ல. கிருமியைக் காட்ட முடியாது. அதனால் கிருமியை நினைத்துப் பயப்படும் முகங்களைக் காட்டியே ஆக வேண்டும். ஒரு கண்ணாடிக் குப்பி, அதை இடுக்கியால் தூக்குகிற ஒருவர், அவர் நெற்றியில் வியர்வை, பின்னால் போனில் "நேரமில்லை, நேரமில்லை" என்று கத்தும் இன்னொருவர். எனக்கு இது போதும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை காய்ந்தது தெரியாது.

பகலில் நான் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று சாயங்காலம் வரை எழுதுகிறவன் ராத்திரியில் உலகத்தைக் காப்பாற்ற ஆசைப்படுவதில் தவறில்லை.

இப்போதைய ஓட்டம் பழைய அமெரிக்கத் தொடர் '24', மூன்றாம் சீசன். 2003-இல் தொடங்கி 2004-இல் முடிந்தது. கதையில் ஒரு மணி நேரம் நடப்பது ஒரு எபிசோட். 24 எபிசோட் சேர்ந்தால் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குள் நாயகன் ஜாக் பவர் மெக்சிகோ போய்த் திரும்பி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டல் ஒன்றின் காற்றுக் குழாயில் வைரஸைத் திறந்துவிட்ட கூட்டத்தைத் துரத்தி, நடுவில் மேலதிகாரிகளோடும் சண்டை போட்டாக வேண்டும். ஒரு அரசு ஊழியர் ஒரே நாளில் இத்தனை வேலையை முடித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு ஃபைல் கூட மேசையில் தூங்கவில்லை.

இந்த ரசனையில் எனக்குத் துணை என் மாமியார். தென்காசிக்காரர், மாமா காலமான பிறகு எங்களோடு கொச்சியில் இருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் போதாது. வசனம் புரியாததால் வசனத்தைக் கேட்டு ஏமாறுவதும் கிடையாது. எந்தத் தொடரானாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்.

"ஏன் மாப்ளே, இதுல சொத்து ஆருக்குப் போவுது?"

சொத்து இல்லை அத்தை, இது உலகம் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று நானும் ஒவ்வொரு முறையும் விளக்குவேன். இந்த வில்லன் ஸ்டீபன் சாண்டர்ஸ் முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி, அமெரிக்கா தன்னைக் கைவிட்டுவிட்டது என்று கோபம், ஜனாதிபதியையே மிரட்டுகிறான் என்றேன். அத்தை வெற்றிலையை மடித்தபடி கேட்டார்:

"இவனுக்குப் புள்ளைகுட்டி உண்டா?"

"ஒரு மக இருக்கா அத்தை."

"அப்பொ அவளக் கூட்டிட்டு வந்து முன்னால நிறுத்தச் சொல்லுங்க. ஹெலிகாப்டரு என்னத்துக்கு?"

நான் சிரித்தேன். ஜாக் பவர் கடைசியில் அதைத்தான் செய்தார்: மகளைப் பிடித்து, நோய் பரவிய ஓட்டலுக்குள் அனுப்பிவிடுவேன் என்றதும் சாண்டர்ஸ் அடங்கிப்போனான். அமெரிக்க உளவுத் துறைக்கு இந்த யோசனை வர இருபது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அத்தைக்கு ஒரு வெற்றிலை நேரம்.

தமிழில் இந்த வகைப் படங்கள் அவர் கைக்கு இன்னும் சுலபமாக அடங்கும். 2008-இல் வந்த 'தசாவதாரம்' படத்தில் கிருமிக் குப்பி பெருமாள் சிலைக்குள் போய், பத்துக் கமல்கள் ஓடி, கடைசியில் 2004 சுனாமியின் கடல்நீர் வந்து உப்பால் கிருமியை ஒழிக்கும். "உப்பு போதும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்பது அவர் விமர்சனம். 2011-இன் 'ஏழாம் அறிவு' அவருக்கு மிகவும் பிடித்தது. சீனாவிலிருந்து வந்தவன் நாய்க்கு ஊசி போட்டு நோயைப் பரப்ப, போதிதர்மரின் வம்சத்தில் வந்த பையன் மரபணுவைக் கிளறிக்கொண்டு எழுந்து நிற்கிறான். அத்தை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்: "பூர்வீகச் சொத்து."

தொடர்களில் வில்லன்கள் நியூயார்க்கைத் தாக்குவார்கள், லண்டனைத் தாக்குவார்கள், பட்ஜெட் குறைந்தால் மும்பைக்கு வருவார்கள். மட்டாஞ்சேரிப் பக்கம் எவனும் தலைவைத்துப் படுப்பதில்லை. காரணம் கிடங்கில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். தும்மல்தான் முதல் அறிகுறி என்று எந்த விஞ்ஞானியாவது இங்கே வந்து சொன்னால், மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் தெரு மொத்தத்தையும் தனிமைப்படுத்த வேண்டியிருக்கும்.

நிஜத்தில் கிருமியை ஏவிப் பார்த்தவர்களும் உண்டு. 1993-இல் ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ கூட்டம் டோக்கியோவில் கமெய்டோ என்ற பகுதியில் தன் கட்டட மாடியிலிருந்து ஆந்த்ராக்ஸ் கரைசலைத் தெளித்துப் பார்த்தது. கையில் கிடைத்தது தடுப்பூசிக்குப் பயன்படும் சாதுவான ரகம். யாருக்கும் நோய் வரவில்லை. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் மட்டும் கொடுத்தார்கள். (அதே கூட்டம் 1995-இல் சுரங்க ரயிலில் விஷவாயு விட்டது சிரிக்கிற காரியமல்ல.) எங்கள் ஊரில் அந்தப் புகாரும் வந்திருக்காது. கருவாடு, சுக்கு, கல்வத்தி வாய்க்கால் மூன்றும் கலந்த காற்றில் நாலாவதாக ஒன்று சேர்ந்தால் எவர் மூக்குக்குத் தெரியும்? போதாததற்குக் கொச்சிக் கொசு. யானைக்காலுக்கே இந்த ஊர்ப் பெயரை வைத்து வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்துப் போனார்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கட்சி பார்க்காமல் கடித்த படை அது.

ஆனால் கிருமி ஒருமுறை நிஜமாகவே பக்கத்தில் வந்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. 17 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினியையும் அது கொண்டுபோனது. அடுத்த வருஷம் ஜூன் 4-ஆம் தேதி, எங்கள் எர்ணாகுளம் மாவட்டத்தில் 23 வயது மாணவர் ஒருவருக்கு நிபா உறுதியானது. ஜூன் 7-ஆம் தேதி ஆஷிக் அபுவின் 'வைரஸ்' படம் வெளியானது. அதுவும் நிபாவைப் பற்றி. இப்படி ஒரு விளம்பரம் எந்தத் தயாரிப்பாளருக்கும் வேண்டாம்.

போகாதீங்க என்று மனைவி சொன்னாள். நானும் அத்தையும் போனோம். பின்வரிசையில் ஒருவர் இருமினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவர் "புகைச்சல்தான், புகைச்சல்தான்" என்று மலையாளத்தில் எல்லோரிடமும் வாக்குமூலம் கொடுத்துவிட்டு இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

படத்தில் ஒரு கட்டத்தில் இது உயிரியல் தாக்குதலோ என்று டில்லிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி துப்பாக்கி வரும், ஹெலிகாப்டர் வரும். ஒன்றும் வரவில்லை. பார்வதி நடித்த டாக்டர் யார் யாரை எங்கே எப்போது பார்த்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டே போகிறார். நான் பகலெல்லாம் கிடங்கில் செய்கிற வேலை! அதைப் பார்வதி செய்யும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்தப் பதிவுகளின் கடைசியில் நிற்கும் குற்றவாளி ஒரு வௌவால். கொள்கை கிடையாது, கோரிக்கை கிடையாது, ஜனாதிபதிக்குப் போன் செய்யவும் தெரியாது.

வெளியிலும் அதே கதைதான். அந்த மாணவரோடு பழகியவர்கள் முந்நூறு பேருக்கு மேல் பட்டியல் போட்டுக் கண்காணித்தார்கள். வேறு எவருக்கும் தொற்றவில்லை. அவரும் பிழைத்து வீட்டுக்குப் போனார். எங்கள் தெருப் பழக்கடையில் சிவக்கச் சிவக்க ரம்புட்டான் குவிந்துகிடந்தது, வௌவால் கடித்திருக்குமோ என்ற பயத்தில் சீண்ட ஆளில்லை.

அத்தையின் கொள்கை இங்கே உடைந்துவிட்டது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. "வௌவாலுக்கு என்ன அத்தை சொத்து?" என்றேன். அவர் அசரவில்லை.

"அதோட தோப்ப எவனாவது எழுதி வாங்கியிருப்பான்."

இதற்கு மேல் பொறுக்க முடியாமல், நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிஜமான கிருமிக் கொலையை எடுத்தேன். 1933 நவம்பர் 26, ஹௌரா ரயில் நிலையம். பாகூர் ஜமீன் குடும்பத்து இளைஞன் அமரேந்திர சந்திர பாண்டே ஊருக்குப் புறப்படுகிறான். கூட்டத்தில் எவனோ ஒருவன் உரசிக்கொண்டு போனான், கையில் ஊசி குத்தியது போல இருந்தது.

"வழியனுப்ப ஆரு வந்திருந்தா?" என்றார் அத்தை.

"ஒன்றுவிட்ட... இல்லை, மாற்றாந்தாய் மகன். அண்ணன் பினயேந்திரா."

"அவந்தான். மேல சொல்லுங்க."

மேலே சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் சொன்னேன். டிசம்பர் 4-ஆம் தேதி தம்பி இறந்தான். ரத்தத்தில் இருந்தது பிளேக் கிருமி. பம்பாயிலிருந்து அந்தக் கிருமியைத் தேடிப் பெற்ற டாக்டர் தாராநாத் பட்டாச்சார்யா அண்ணனின் கூட்டாளி. முந்தின வருஷமே அண்ணன் ஒரு மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து தம்பி மூக்கில் அழுத்தி மாட்டிவிட, தம்பி டெட்டனஸ் வந்து பிழைத்திருந்தான். கீழ்க்கோர்ட் இருவருக்கும் தூக்கு என்றது; 1936-இல் ஹைகோர்ட் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எல்லாம் ஜமீன் பங்குக்காக.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே ஜெயிப்பவர்களோடு வாதம் செய்வது கஷ்டம்.

ஒரு கடைசி முயற்சியாக ரஜனீஷ் ஆட்களைக் கொண்டுவந்தேன். 1984, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், தி டால்ஸ் என்ற சின்ன ஊர். சாமியாரின் சிஷ்யர்கள் பத்து ஓட்டல்களின் சாலட்டில் சால்மொனெல்லாவைக் கலந்தார்கள்; 751 பேருக்கு வயிறு கெட்டது, உயிர்ப்பலி இல்லை. நோக்கம், உள்ளூர்த் தேர்தலன்று எதிர்ப்பு வாக்காளர்கள் சாவடிக்குப் போகாமல் வீட்டில் சுருண்டுகிடக்க வேண்டும். சொத்து இல்லை பாருங்கள், தேர்தல்!

"எதுக்காம் தேர்தலு?"

அவர்கள் வாங்கிப்போட்டிருந்த அறுபத்து நாலாயிரம் ஏக்கரில் நகரம் கட்ட அனுமதி கிடைக்காத தகராறு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நேற்று '24' கடைசி எபிசோட். மிச்சமிருந்த வைரஸ் கருவி ஜாக்கின் கூட்டாளி கையில் பூட்டிக்கொள்கிறது. நேரமில்லை. ஜாக் கோடரியால் அந்தக் கையை வெட்டி, கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு பள்ளிக்கூட ஃபிரிட்ஜுக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிறார். உள்ளே வெடித்துக் கிருமி அடங்குகிறது. உலகம் பிழைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"புள்ளைய சோறு வைக்க எடத்துலயா அதப் போடுவான்?" என்றார் அத்தை. சாண்டர்ஸ் மேல்கூட அவர் இவ்வளவு கோபப்பட்டதில்லை. எழுந்து போய் எங்கள் ஃபிரிட்ஜிலிருந்த மீன்குழம்பை வெளியே எடுத்துச் சூடு பண்ணி வைத்தார். அடுத்த சீசனில் கிருமி கிடையாது, அணு உலை என்றேன்.

"உலை யாரு பேருல இருக்கு?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.